மூன்று பாட்டில்களும் ஒரு பட்டாசுக்காயும்

“ஸ்பிரிங், சம்மர், ஆட்டம், விண்டர்” என்று 28 குழந்தைகளும் ஒரே ராகத்தில் கத்திக்கொண்டிருந்தபோது ஜன்னல் கதவு படாரென்று அடித்தது. ஆடி மாதம். மதுரைக்குத் தெற்கே, திருமங்கலம் பக்கம், கரிசல் காட்டை ஒட்டிய பள்ளிக்கூடம். காற்று உள்ளே வந்தால் மண்ணோடுதான் வரும். சுவரில் ஒட்டியிருந்த சார்ட் பிய்த்துக்கொண்டு கரும்பலகைக்கு அடியில் போய் விழுந்தது. மஞ்சள் பூக்கள், கடற்கரைக் குடை, ஆரஞ்சு நிற இலைகள், கழுத்தில் துண்டு சுற்றிய பனிமனிதன் என்று நான்கு கட்டம் போட்ட சார்ட். எடுத்துத் தூசி தட்டிவிட்டு, “சரி, இப்ப என்ன சீசன்?” என்று கேட்டேன்.

“ஸ்பிரிங்!”

பாட்டின் முதல் சொல் அதுதானே. அவர்களைக் குறை சொல்ல முடியாது.

அது நான் யூகேஜி எடுக்க ஆரம்பித்த முதல் வருடம். அதற்கு முன்பு மூன்றாம் வகுப்புக்குக் கணக்கு எடுத்தேன். கணக்கில் பிள்ளைக்குப் புரியவில்லை என்றால் விடையிலேயே தெரிந்துவிடும். இங்கே விடை ராகத்தோடு அழகாக வரும், உள்ளே ஒன்றும் இறங்கியிருக்காது. அன்று சாயங்காலம் சார்ட்டை மறுபடி ஒட்டாமல் சுருட்டி பீரோ மேலே வைத்துவிட்டேன். பெரிய முடிவெல்லாம் இல்லை, செலோடேப் தீர்ந்துபோயிருந்தது.

மறுநாள் வாட்ச்மேன் தாத்தா பனை ஓலையில் நாலைந்து காற்றாடி செய்துகொண்டு வந்தார். இரண்டு ஓலைத் துண்டைக் குறுக்காகக் கோத்து, நடுவில் கருவேல முள்ளைக் குத்தி, குச்சியில் செருகினால் வேலை முடிந்தது. முள்ளின் நுனியை மட்டும் நான் நகவெட்டியால் நறுக்கினேன். முதலில் ஆளுக்கொரு பக்கம் ஓடினார்கள். சிலருக்குச் சுற்றியது, சிலருக்குச் சுற்றவில்லை. சண்டை, அழுகை. பத்து நிமிடத்தில் மொத்தக் கூட்டமும் மேற்கே பார்த்து ஓட ஆரம்பித்தது. கேரளாவில் மழையைக் கொட்டிவிட்டு, மலையைத் தாண்டி வறண்டு வருகிற காற்று அது. ஆடிக் காற்று எங்கிருந்து வருகிறது என்று அன்றைக்கு நான் யாருக்கும் சொல்லிக்கொடுக்கவில்லை.

அந்த உற்சாகத்தில் அடுத்த வாரம் ஒரு முட்டாள்தனம் செய்தேன். ‘ஆடிப்பட்டம் தேடி விதை’ என்பார்களே, விதை போடலாம் என்று உரக்கடைக்குப் போய் மக்காச்சோள விதை வாங்கி வந்தேன். ரோஸ் கலரில் பளபளவென்று இருந்தது. குழந்தைகளுக்குப் பிடிக்கும் என்று அதற்காகவே எடுத்தேன். ஆயாம்மாதான் பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்துவிட்டு, “டீச்சர், இது மருந்து தடவுன விதை. பிள்ளைக வாயில போட்டா என்னாகும்?” என்று கேட்டார். எனக்குக் கை நடுங்கிவிட்டது. பூஞ்சாணம் பிடிக்காமல் இருக்க விதைக்கு மருந்து பூசுவார்கள். சாப்பாட்டுத் தானியத்தோடு கலந்துவிடக் கூடாது என்றுதான் அந்த நிறமே. இருபது வருடம் படித்தும் படிப்பித்தும் எனக்குத் தெரியாத விஷயம், களை எடுக்கப் போன ஆயாம்மாவுக்குத் தெரிந்திருந்தது. அன்றிலிருந்து விதை வாங்குவது பலசரக்குக் கடையில்தான். பாசிப்பயறு, தட்டைப்பயறு, மொச்சை, வெந்தயம். எல்லாமே சமையலுக்கு விற்பவை. குன்றிமணியும் ஆமணக்கும் எவ்வளவு அழகாக இருந்தாலும் வகுப்புக்குள் வராது.

ஆளுக்கொரு பேப்பர் கப், கொஞ்சம் மண், ஒரு மொச்சை. மூன்றாம் நாள் பார்த்தால் முக்கால்வாசி கப்பில் குளம். வாட்டர் பாட்டிலில் இருந்த தண்ணீர் முழுவதையும் பாசத்தோடு ஊற்றியிருக்கிறார்கள். ஊற்றாதவர்கள் தோண்டியிருக்கிறார்கள். முன்வரிசைப் பெண் ஒருத்தி காலையில் வந்ததும் விதையை வெளியே எடுப்பாள், கழுவுவாள், பார்ப்பாள், திரும்பப் புதைப்பாள். நான் சத்தம் போட்டேன். “மிஸ், அது உள்ள என்ன பண்ணுதுன்னு தெரியல” என்றாள். பதில் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. உள்ளே என்ன நடக்கிறது என்பதுதானே பாடம். அதை மண்ணைப் போட்டு மூடி வைத்துவிட்டு, தோண்டாதே என்று நான் திட்டிக்கொண்டிருந்தேன்.

அப்புறம் கண்ணாடி டம்ளருக்கு மாறினோம். உள்ளே ஈரப் பஞ்சு, பஞ்சுக்கும் கண்ணாடிக்கும் இடையில் விதை. பாசிப்பயறு மறுநாளே வாயைத் திறந்துவிடும். மொச்சைக்குப் பொறுமை வேண்டும். தோல் சுருங்கி, உப்பி, ஓரத்தில் வெள்ளையாக ஒரு மூக்கு எட்டிப் பார்க்க மூன்று நாலு நாளாகும். விதையை எப்படித் திருப்பி வைத்தாலும் வேர் கீழேதான் போகிறது என்பதை ஒரு பையன் கண்டுபிடித்தான். டம்ளரைப் படுக்கப் போட்டான், மறுநாள் வேர் வளைந்தது. நிமிர்த்தினான், அதற்கடுத்த நாள் மறுபடி வளைந்தது. ஒரு வாரத்தில் அவன் விதையின் வேர் இடியாப்பம் மாதிரி ஆகிவிட்டது.

இன்னொரு டம்ளர் தவறுதலாக பீரோவுக்குள் மாட்டிக்கொண்டது. எட்டு நாள் கழித்துத் திறந்தால் வெளுத்த மஞ்சளில், ஒல்லியாக, ஒரு சாண் உயரத்துக்கு வளர்ந்து சாய்ந்து கிடக்கிறது பயறு. சீக்கு வந்துவிட்டது என்றார்கள் சில பேர். ஒருத்தி மட்டும், “எங்க அப்பத்தா வீட்ல முளைப்பாரி இப்படித்தான் இருக்கும், இருட்டு ரூம்ல வச்சிருப்பாங்க” என்றாள். வெளிச்சம் இல்லாவிட்டால் பச்சை ஏறாது. வெளிச்சத்தைத் தேடி தண்டு மட்டும் நீண்டுகொண்டே போகும். முளைப்பாரி போடுகிற எங்கள் ஊர்ப் பெண்கள் அதைப் பல தலைமுறையாகச் செய்துகொண்டிருக்கிறார்கள். எனக்கு மட்டும் பி.எட். வரைக்கும் போக வேண்டியிருந்தது. டம்ளரை ஜன்னலில் வைத்தோம். மறுநாள் இலை பச்சை ஏற ஆரம்பித்தது.

பருவங்களுக்கு என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை. தொல்காப்பியம் ஆறு பெரும்பொழுது சொல்கிறது: கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில். நான்கை விட ஆறு நமக்கு நெருக்கம், சரி. ஆனால் அதையும் ராகம் போட்டுக் கத்தவைத்தால் பனிமனிதன் போய்ப் பழந்தமிழ் வந்தது என்பதைத் தவிர வித்தியாசம் இருக்காது. தவிர, சித்திரையை இளவேனில் என்று சொல்லிவிட்டு மதுரை வெயிலில் பிள்ளைகள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் கிடையாது. ‘எப்ப ரொம்ப வெயிலடிக்கும்?’ என்று கேட்டுப் பாருங்கள், எங்கள் பிள்ளைகள் மாதப் பெயர் சொல்ல மாட்டார்கள். “அழகர் ஆத்துல இறங்குறப்ப” என்பார்கள்.

கடைசியில் மூன்று காலி பாட்டில்களை ஜன்னலில் வைத்தேன். வெயில், மழை, காற்று. தினமும் காலையில் ஒரு பிள்ளை ஒரு புளியங்கொட்டையை எடுத்து, நேற்று எப்படி இருந்ததோ அந்த பாட்டிலில் போட வேண்டும். எளிமையான ஏற்பாடு என்று நினைத்தேன். முதல் நாளே வழக்கு வந்தது. காலையில் வெயில், சாயங்காலம் மழை என்றால்? இரண்டிலும் போடலாம் என்று தீர்ப்பானது. திங்கட்கிழமை அடுத்த வழக்கு: “ஞாயித்துக்கிழமை மழை பெஞ்சுச்சே, அதுக்கு யாரு கொட்டை போடுறது?” சாட்சி விசாரித்தோம். பெய்தது என்று எட்டுப் பேர், இல்லை என்று ஐந்து பேர். ஒருவன் மட்டும், “எங்க மாமா ஊர்ல பெஞ்சுச்சு” என்று கொட்டையோடு நின்றான். அவன் மாமா ஊர் கோயம்புத்தூர்.

ஆவணி வரை வெயிலும் காற்றும் போட்டி போட்டன. ஐப்பசி பிறந்ததும் மழை பாட்டில் சடசடவென்று ஏறியது. வடகிழக்குப் பருவமழை என்ற பெயர் எதற்கு, பாட்டிலின் பாதி உயரம் போதும். இதில் ஒரு வேடிக்கை: கொட்டித் தீர்க்கிற நாளில் கலெக்டர் லீவு விட்டுவிடுவார். ஆக, மழை பாட்டிலில் இல்லாதது பெருமழை நாள்கள்தான். அதையும் திங்கட்கிழமை மாதிரி சாட்சி வைத்துத்தான் நிரப்பினோம்.

அந்த மழைக்கு நடுவில்தான் பட்டாசுக்காய் வந்தது. காம்பவுண்டு சுவரோரம் ஊதாப் பூ பூத்துக் கிடக்குமே, அந்தச் செடி. காலையில் பூத்து மதியத்துக்குள் உதிர்ந்துவிடும். காய் ஒல்லியாக, காய்ந்ததும் பழுப்பாக இருக்கும். கார்த்திகையில் ஒரு மழையில்லாத நாள் வெளியே கூட்டிப் போனேன். ஒரு பையன் காயைப் பறித்து எச்சில் தொட்டு உள்ளங்கையில் வைத்து மூடினான். மூன்று, நான்கு, ஐந்து நொடி. டப்! கையை உதறிவிட்டுச் சிரித்தான். அவ்வளவுதான், அடுத்த அரை மணி நேரம் 28 பேரும் எச்சில் துப்பிக்கொண்டிருந்தார்கள். நான் ஓடிப்போய் ஒரு தட்டில் தண்ணீர் கொண்டுவந்தேன். காயைப் போட்டால் கொஞ்ச நேரம் சும்மா மிதக்கும். நுனி நனைந்து இளகியதும் நெடுக்காகப் பிளந்து, தட்டையான விதைகள் ஆள் முகத்தில் தெறிக்கும். தெறித்த விதையைத் தொட்டால் பிசுபிசுவென்று ஒட்டும். ஈரம் பட்டதும் அதன்மேல் ஒரு பசை ஊறிவிடுகிறது.

“தண்ணி பட்டாத்தான் வெடிக்குமா மிஸ்?” என்றாள் பழைய மொச்சைக்காரி. ஆமாம் என்றேன். கொஞ்ச நேரம் தட்டையே பார்த்தாள். “அப்ப அது மழைக்கு வெயிட் பண்ணுது.”

காலத்துக்கும் செடிக்கும் உள்ள தொடர்பைப் பற்றி நான் எழுதி வைத்திருந்த பாடக்குறிப்பு மூன்று பக்கம். அதற்கப்புறம் அதைத் திறக்கவே இல்லை. நம்ம ஊர்ச் செடி என்று நான் நினைத்திருந்த பட்டாசுக்காயும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்ததுதானாம். வந்த இடத்து மழையைப் பழகிக்கொண்டது. பனிமனிதனால்தான் முடியவில்லை.

அன்று எல்லார் சாக்ஸும் கரிசல் சேற்றில் நாசம். மறுநாள் ஒரு அம்மா பையைத் திறந்து காட்டி, “மண்ணுல உருள விடவா மிஸ் ஃபீஸ் கட்டுறோம்?” என்று கேட்டார். கிண்டர்கார்ட்டன் என்றால் ஜெர்மன் மொழியில் குழந்தைகளின் தோட்டம் என்று பொருள், 1840இல் அந்தப் பெயரை வைத்த ஃபுரோபல் ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு சின்னப் பாத்தி வேண்டும் என்றார் என்றெல்லாம் வாய் வரை வந்தது. சொல்லவில்லை. சாக்ஸைத் துவைக்கப்போவது ஃபுரோபல் இல்லை. கரிசல் கறை ரெண்டு அலசலில் போகாது என்பது எனக்கும் தெரியும். வெள்ளிக்கிழமை வெறுங்கால், பழைய டிரெஸ் என்று ஏற்பாடு ஆனது. அதற்கப்புறம் அந்த அம்மா ஒரு பை நிறைய வேர்க்கடலை விதைக்கக் கொடுத்தனுப்பினார்.

மாசி, பங்குனியில் எங்கள் வாசல் புங்கமரம் இலை கொட்டும். தினமும் ஒரு வாளி பொறுக்கினோம். குளிருக்கு முன்பு உதிர்வது அந்த சார்ட்டில் இருக்கிற மரம். இங்கே வறட்சிக்கு முன்னால் தண்ணீரை மிச்சம் பிடிக்க உதிர்க்கிறது. உதிர்த்துக் கொஞ்ச நாளிலேயே, மண் காய்ந்து வெடித்துக் கிடக்கும்போது, மெழுகு பூசின மாதிரி இளம்பச்சைத் தளிர் விடும். இந்த வேளையில் யாரும் தளிரை எதிர்பார்க்க மாட்டார்கள். பிள்ளைகள் வாளியோடு நின்று அண்ணாந்து பார்த்தார்கள். வாளிக்கு வேலை இல்லாமல் போனதில் அவர்களுக்கு வருத்தம்தான்.

வருடக் கடைசியில் நிர்வாகத்திலிருந்து பார்வையிட வந்தவர், “சீசன்ஸ் எத்தனை, சொல்லு பார்ப்போம்” என்று ஒரு பையனைக் கேட்டார். “மூணு பாட்டில்” என்றான். அவர் என்னைப் பார்த்தார். ‘கலரிங் புக் பூர்த்தி செய்யப்படவில்லை’ என்று என் பதிவேட்டில் எழுதிவிட்டுப் போனார். எழுதினது உண்மைதான், ஆரஞ்சு இலைப் பக்கம் காலியாகத்தான் இருந்தது. அடுத்த வருடத்திலிருந்து அந்தப் பாட்டையும் தனியாக ஒரு வாரம் சொல்லிக்கொடுத்துவிடுகிறேன். பரீட்சைக்கு வேண்டுமே.

செடி விஷயத்தில் பள்ளி நாள்காட்டியே தலைகீழ்தான். கொன்றை பூக்கும் சித்திரையிலும் வைகாசியிலும் பிள்ளைகள் லீவில் இருப்பார்கள். டம்ளர் செடிகளை ஆளுக்கொன்றாக வீட்டுக்குக் கொடுத்தனுப்புவேன், பாதி பிழைக்காது. பட்டாசுக்காயை மட்டும் காய்ந்ததாகப் பொறுக்கி, தீப்பெட்டியில் போட்டு, மேஜை டிராயரில் வைத்துவிட்டுப் போவேன்.

இந்த ஜூனில் எனக்கு எல்கேஜி கொடுத்தார்கள். முதல் நாள். 22 பிள்ளைகள், 22 அழுகை. ஒருவன் கேட் கம்பியை விடவே இல்லை, ஆயாம்மா விரல் விரலாகப் பிரித்துத் தூக்கிக்கொண்டு வந்தார். நான் டம்ளரில் தண்ணீர் வைத்து, தீப்பெட்டியைத் திறந்து, ஒரு காயைப் போட்டேன். அது சும்மா மிதந்தது. யாரும் பார்க்கவில்லை. அப்புறம் டப்பென்று வெடித்து, விதை ஒன்று அவன் கன்னத்தில் ஒட்டியது. அழுகை நின்றது. கன்னத்தைத் தடவிப் பார்த்தான், டம்ளரைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். மறுபடி அழ ஆரம்பித்தான்.

தீப்பெட்டியில் இன்னும் ஒன்பது காய் இருந்தது. இரண்டாவதை எடுத்தேன்.