கரைப்பறவை ஓவியத்தில் நான் முதலில் பார்ப்பது வயிற்றையும் காலையும்

உள்ளான், கோட்டான் (ஆந்தை இல்லை, வளைந்த நீள அலகுள்ள கரைப்பறவை), மூக்கன் என்று சேற்றிலும் ஈரமணலிலும் இரை தேடும் பறவைகளின் ஓவியத்தைப் பார்த்தால் பலரும் பாராட்டுவது முதுகைத்தான். ஒவ்வொரு இறகின் விளிம்பும் எவ்வளவு நுணுக்கம் என்பார்கள். பொறுமை இருந்தால் முதுகை வரைந்துவிடலாம் என்பது என் எண்ணம். ஓவியர் அந்தப் பறவையை உயிரோடு, நின்று நிதானமாகப் பார்த்தாரா என்பது அதற்குக் கீழேதான் தெரியும்.

வயிற்றை எடுத்துக்கொள்ளுங்கள். இவற்றில் பெரும்பாலானவற்றுக்கு மேலே பழுப்பு, கீழே வெள்ளை. வெயில் முதுகை வெளுப்பாக்கும், வயிறு நிழலில் இருளும், உடலின் நிறமோ இதற்கு நேரெதிராக இருப்பதால் ஒன்றையொன்று ஈடுகட்டி, பறவை தட்டையாகத் தெரிந்து மணலோடு மணலாகிவிடுகிறது. அமெரிக்க ஓவியர் ஆபட் தேயர் 1896இலேயே இதை விளக்கி எழுதினார், அதைக் கவனித்தவர் ஓர் ஓவியர் என்பதில் எனக்கு ஆச்சரியமே இல்லை. பறவை தன் திரட்சியை மறைக்கப் பார்க்கிறது, ஓவியர் அதையே காட்டியாக வேண்டும். வெறும் வெள்ளையாக விட்டால் வயிறு காகிதத்தில் ஓட்டை விழுந்ததுபோல இருக்கும். உண்மையில் அங்கே மணலின் மஞ்சளும், தேங்கிய நீரில் தெரியும் வானத்தின் நீலமும் ஏறியிருக்கும். நீர்வண்ணத்தில் அதை மிக மெல்லிய பூச்சாக, ஒன்று காய்ந்தபின் இன்னொன்றாக ஏற்றுகிறவர்களின் பறவை அந்த இடத்தில் நிற்கிறது.

அப்புறம் கால். பின்பக்கம் மடிவதாகத் தெரியும் மூட்டு முழங்கால் இல்லை, கணுக்கால். முழங்கால் இறகுக்குள் மறைந்திருக்கிறது. அது எங்கே இருக்கிறது என்று மனதில் வைத்து வரையாவிட்டால் பறவை எந்த நேரமும் முன்னால் விழப்போவது மாதிரி தெரியும். ஒற்றைக்காலில் தூங்கும் பறவைக்கு அந்தக் கால் நேராக உடலின் நடுவுக்குக் கீழே வந்துவிடும், இதைத் தவறவிட்ட ஓவியங்கள் நிறைய.

பறவை ஓவியர் ஆடுபான் 1827 முதல் 1838 வரை வெளியிட்ட 435 அமெரிக்கப் பறவைத் தகடுகளில், அதாவது தகட்டில் செதுக்கி அச்சிட்ட படங்களில், பறவைகள் நிஜ அளவிலேயே இருக்கின்றன. சுட்ட பறவைகளைக் கம்பியால் நிறுத்திவைத்து வரைந்தவர் அவர், ஆனால் காட்டிலும் கரையிலும் அவற்றைப் பல வருடம் பார்த்திருந்தார். எஸ்கிமோ கோட்டானை 1833இல், இன்று கனடாவில் இருக்கும் லாப்ரடாரில் கண்டார். அந்தத் தகட்டில் ஒன்று நிற்கிறது, இன்னொன்று செத்துக் கிடக்கிறது. பெருங்கூட்டமாகத் திரிந்த அந்த இனத்தைப் பெரும்பாலும் வேட்டையாடியே தீர்த்துவிட்டார்கள். உறுதியான கடைசிப் பதிவு 1963இல் கரீபியன் தீவான பார்படோஸில், அதுவும் சுடப்பட்ட பறவை. இன்று அதை வரைய விரும்புகிறவருக்கு 1960களின் சில புகைப்படங்களும், பஞ்சடைத்துக் கால்களைச் சேர்த்துக் கட்டிய அருங்காட்சியகத் தோல்களும்தான் மிச்சம். இறகின் கோடுகளை அந்தத் தோல் அப்படியே தரும். உயிரோடிருந்த காலின் நிறத்தையோ, சேற்றில் அது எப்படி எடையைத் தாங்கியது என்பதையோ தராது. எனக்கு இது தாங்கமுடியாத இழப்பாகப் படுகிறது.

வரையப் போகிறவர்கள் ஓதம் ஏறும், அதாவது கடல்நீர் கரைமேல் ஏறிவரும் நேரமாகப் பார்த்துப் போங்கள். இரை தேடும் சேறு மூழ்கிவிடுவதால் பறவைகள் மேட்டில் ஒதுங்கி வெகுநேரம் நிற்கும், தள்ளி உட்கார்ந்து வரையலாம். நெருங்கிப்போய்க் கிளப்பிவிடாதீர்கள், நெடுந்தூரம் பறக்கவேண்டிய உடம்பு அது.