கையெழுத்துக்கு முன் வாசிக்கச் சொல்லுங்கள்

கொடைக்கானல் மேல்மலையில் பூண்டு வயல்களை நம்பி வாழும் எங்களுக்குக் கிராம சபைக்குப் போவது என்பது ஒரு நாள் கூலியை இழப்பதாகும். அதை அறிந்திருந்தும், சென்ற முறை எங்கள் தெருப் பெண்களை வீடு வீடாகச் சென்று அழைத்தேன். ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயருள்ள ஒவ்வொருவரும் அச்சபையின் உறுப்பினரே என்பது பலருக்குப் புதிய செய்தியாக இருந்தது.

ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நாட்களுடன் 2022 முதல் மார்ச் 22, நவம்பர் 1 ஆகியவையும் சேர்ந்து, ஆண்டுக்கு ஆறு கூட்டங்கள் நடைபெற வேண்டும்.

நான் வலியுறுத்த விரும்புவது தீர்மானப் பதிவேட்டைத்தான். முன்பொரு கூட்டத்தில் ஓடைநீர்க் குழாய் உடைந்ததைப் பற்றி அரை மணி நேரம் பேசினோம். ஆனால் நுழையும்போதே வருகைக்கெனக் கையெழுத்திட்டுவிட்டதால், அது பதிவேட்டில் எழுதப்பட்டதா என்று எவரும் பார்க்கவில்லை, எழுதப்படவும் இல்லை. எழுதப்படாத கோரிக்கையைப் பின்னர் எந்த அதிகாரியிடமும் காட்ட முடியாது. ஆகவே சென்ற முறை, தீர்மானங்களை உரக்க வாசித்த பின்னரே கையெழுத்திடுவோம் என்று பக்கத்து வீட்டுப் பெரியம்மா எழுந்து நின்று சொன்னார். குழாய்க்கான தீர்மானம் அவர் கண்முன்னே எழுதப்பட்டது.