கல் என்னுடையது, பல் அவருடையது

பிப்ரவரி 3

கல் வந்துவிட்டது. இரண்டு வாரமாகத் திரையில் சுழற்றிச் சுழற்றிப் பார்த்த வைரம், மடித்த வெள்ளைத்தாளுக்குள் ஒரு புள்ளியாகக் கிடந்தது. சான்றிதழில் 1.02 காரட், வட்ட வெட்டு, குறுக்களவு 6.47 முதல் 6.50 மில்லிமீட்டர் என்று போட்டிருக்கிறது. ஒரு காரட் 200 மில்லிகிராம். அப்படியென்றால் என் மொத்தச் சேமிப்பும் இப்போது கால் கிராம்கூட இல்லை.

மேசையில் கெட்டித் துண்டை விரித்து, மின்விசிறியை நிறுத்திவிட்டுத்தான் தாளைப் பிரித்தேன். தும்மல் வந்தால் என்ன செய்வது என்று யோசித்ததுமே தும்மல் வந்தது. நல்லவேளை, முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

இனி பக்கத்தில் இருக்கும் ஒரு நகைக்கடையில் கொடுத்து மோதிரத்தில் பதிக்கச் சொல்ல வேண்டியதுதான் என்று நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

பிப்ரவரி 6

“எங்ககிட்ட வாங்கின கல்லைத்தான் நாங்க பதிப்போம் சார்.” முதல் கடையில் தாளைப் பிரிக்கவே விடவில்லை.

வெளியே வரும்போது நல்ல கோபம். ராத்திரி படுக்கையில் யோசித்தால் அவர் பக்கமும் நியாயம் இருக்கிறது. கல் விற்ற லாபம் வேறு யாருக்கோ போய்விட்டது. அவருக்குக் கிடைக்கப்போவது கூலி மட்டும். பதிக்கும்போது கல் விளிம்பில் சில்லு தெறித்தால் முழுக் கல்லுக்கும் அவர்தான் பதில் சொல்ல வேண்டும். நானாக இருந்தாலும் யோசிப்பேன். இருந்தாலும் உட்காரவாவது சொல்லியிருக்கலாம்.

பிப்ரவரி 9

இரண்டாவது கடையில் எதிர்மாறு. “ஓ, தாராளமா! நாளன்னைக்கு வாங்க.” கல்லை விரலால் எடுத்தார், விளக்குக்கு நேரே ஒரு நொடி பிடித்தார், டப்பாவில் போட்டார். கல் பார்க்கும் பூதக்கண்ணாடியான லூப் மேசையிலேயே இருந்தது, தொடவில்லை. ரசீதில் எழுதியது இவ்வளவுதான்: ‘வைரம் 1, பதிக்க.’ எடை இல்லை, அளவு இல்லை, சான்றிதழ் எண் இல்லை. அவர் திருப்பித் தருவது கண்ணாடித் துண்டாகவே இருந்தாலும் அந்த ரசீதுப்படி என்னால் ஒன்றும் பேச முடியாது.

வீட்டில் ஏதோ அவசரம் என்று பொய் சொல்லிக் கல்லைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்தேன். கல் மங்கிப்போயிருந்தது. பதறிவிட்டேன். பிறகுதான் தெரிந்தது, வைரத்தில் எண்ணெய்ப்பசை சட்டென்று ஒட்டிக்கொள்ளும், அவர் விரல்ரேகைதான் அது. பாத்திரம் கழுவும் சோப்பு இரண்டு துளி, வெதுவெதுப்பான நீர், பழைய பல்துலக்கி. பழையபடி ஆகிவிட்டது. கழுவும்போது சிங்க்கின் துளையை அடைத்தேனா என்று மனைவி மூன்று முறை கேட்டாள்.

பிப்ரவரி 16

மூன்றாவது இடம் சின்னப் பட்டறை. முன்னால் மகள், உள்ளே அப்பா. அப்பாதான் கல் பதிப்பவர்.

அவர் முதலில் சான்றிதழைக் கேட்டார். கல்லை இடுக்கியில் பிடித்து, பத்து மடங்கு பெரிதாகக் காட்டும் லூப்பைக் கண்ணோடு ஒட்டிவைத்துக்கொண்டு, இடுப்பைச் சுற்றி மெதுவாகத் திருப்பினார். வைரத்தின் மேல்பாதியும் கீழ்ப்பாதியும் சேரும் விளிம்பைத்தான் இடுப்பு என்கிறார். ஐந்து நிமிடம் பேச்சே இல்லை. அப்புறம் லூப்பை என்னிடம் நீட்டினார்.

“இதுல எழுத்து தெரியுதா?”

எனக்கு முதலில் கறுப்பும் வெள்ளையும் மாறி மாறி மின்னியதுதான் தெரிந்தது. லூப்பைக் கண்ணருகே வைத்துக்கொண்டு கல்லைத்தான் கிட்டே கொண்டுவர வேண்டுமாம், நான் தலைகீழாகச் செய்துகொண்டிருந்தேன். சரியாகப் பிடித்ததும் இடுப்பில் பொடியாகச் சில இலக்கங்கள் தெரிந்தன. லேசரில் பொறித்த சான்றிதழ் எண். காகிதத்தில் இருந்த அதே எண். இந்தக் கல்லோடு முதல்முறை பேசியதுபோல் இருந்தது.

“இப்ப கொஞ்சம் இடப்பக்கம் திருப்புங்க.” அங்கே ஒரு வெள்ளைக் கீறல், இறகின் நுனி மாதிரி. ஃபெதர் என்கிறார்கள், கல்லுக்குள் இருக்கும் விரிசல். சான்றிதழின் படத்திலும் அது சிவப்புக் கோடாக இருக்கிறது, நான்தான் கவனித்ததில்லை. அது இடுப்பு வரைக்கும் வந்து முடிகிறது.

வைரம்தானே, எதற்கும் அசையாதே என்றேன். அவர் சிரிக்கவில்லை. கீறல் விழாத கல்தான், ஆனால் உடையாத கல் இல்லை என்றார். மோஸ் என்ற கடினத்தன்மை அளவுகோலில் வைரத்துக்கு 10 என்பது கீறலுக்கான கணக்கு மட்டும்தான். வைரத்துக்கு நான்கு திசைகளில் பிளவு ஓட்டம் உண்டு, அந்த வாகில் அடி விழுந்தால் பிளக்கும். பழைய காலத்தில் பெரிய கல்லை இரண்டாக்கியதே அந்த வாகு பார்த்துத் தட்டித்தானாம்.

“அப்ப அந்த விரிசல் மேலயே ஒரு பல்லை வச்சு மறைச்சுடலாமே” என்றேன், பெரிய யோசனை சொல்வதுபோல. பல் என்பது மோதிரத்தில் கல்லைப் பிடித்துக்கொள்ளும் உலோகக் கொக்கி.

“நிறைய பேர் கேக்குறதுதான். ஆனா பல்லை மடக்கும்போது என் கை பலம் மொத்தமும் அந்த இடத்துலதான் இறங்கும். அங்கதான் விரிசல். மறைக்கிறேன்னு நானே உடைச்ச மாதிரி ஆகும். ரெண்டு பல்லுக்கு நடுவுல வச்சுடுறேன், வெறுங்கண்ணுக்குத் தெரியாது.”

கல்லை இவரிடம்தான் கொடுக்கப்போகிறேன்.

பிப்ரவரி 18

பல் நான்கா ஆறா என்று வீட்டில் விவாதம். கல்லை ஆறு பற்களில் உயர்த்தி நிறுத்தும் மோதிரத்தை டிஃபனி நிறுவனம் 1886இல் கொண்டுவந்தது. இன்றும் ஒற்றைக்கல் மோதிரம் என்றால் பலருக்கு நினைவில் வருவது அந்த வடிவம்தான். மனைவிக்கு நான்கு பிடிக்கிறது, கல் அதிகம் தெரியுமாம். நான்கில் ஒன்று போனால் கல் ஆடும், ஆறில் ஒன்று போனாலும் ஐந்து பிடித்துக்கொண்டிருக்கும் என்றேன். கையில் போட்டுக்கொள்ளப்போவது அவள், ராத்திரி தூங்காமல் கவலைப்படப்போவது நான். எனவே ஆறு.

உலோகம் 18 காரட் வெள்ளைத் தங்கம். நூற்றுக்கு 75 பங்கு தங்கம், மேலே ரோடியம் முலாம். முலாம் தேயும், அவ்வப்போது மறுபடி பூச வேண்டும் என்று மகள் முன்கூட்டியே சொல்லிவிட்டார். பிளாட்டினத்துக்குக் கை போகவில்லை.

பிப்ரவரி 24

கல்லைக் கொடுத்துவிட்டேன். ரசீதில் என் முன்னாலேயே நிறுத்த எடை, குறுக்களவு, சான்றிதழ் எண், ‘இடுப்பருகே ஃபெதர்’ என்ற குறிப்பு. கல்லின் வட்டத்தை வரைந்து விரிசல் இருக்கும் இடத்தில் ஒரு சின்னக் கோடும் போட்டார்கள். மூன்று பேரும் கையெழுத்து.

அப்புறம் கசப்பான வரி: வேலையின்போது கல்லுக்குச் சேதம் வந்தால் பட்டறை பொறுப்பல்ல. கடைக் காப்பீடு இருக்கிறதே என்றேன். திருட்டுக்கும் தீக்கும் இருக்கிறது, வேலை செய்யும்போது உடைந்தால் இவர்கள் பாலிசியில் வராது என்று மகள் பாலிசியையே எடுத்துக் காட்டினார். எந்த வேலை முதலில், எது பிறகு என்று அப்பாவிடம் கேட்டேன். வளையத்தைப் பற்றவைப்பது, அளவு சரிசெய்வது, நெருப்பு பிடிக்கிற எல்லாம் கல் வருவதற்கு முன்பே முடிந்துவிடும் என்றார். வைரமும் கரிதானே. காற்றில் சுமார் 850 டிகிரி செல்சியஸில் எரியத் தொடங்கிவிடும். மேற்பரப்பு பால்போல் வெளுத்துப்போகும்.

“கல் உங்களோடது, பல் என்னோடது. பல் தளர்ந்தா எப்ப வேணா வாங்க, காசு வேணாம்” என்றார். அதையும் எழுதித் தரச் சொன்னேன். மகள் எழுதித் தந்தார். அப்பாவுக்குக் கொஞ்சம் வருத்தம் போல.

மார்ச் 2

ஒன்றும் இல்லை. வெறும் தாளை மடித்து வைத்திருக்கிறேன், காரணம் தெரியவில்லை.

மார்ச் 9

பதிக்கும்போது கூட இருக்க விட்டார். பேசக் கூடாது என்று ஒரே நிபந்தனை.

மோதிரத்தை மரப்பிடியில் இறுக்கிக்கொண்டார். ஆறு பற்களும் நிமிர்ந்து, வெறுமையாக நின்றன. சுழலும் சின்ன முனையால் ஒவ்வொரு பல்லின் உட்பக்கத்திலும் ஒரே உயரத்தில் பள்ளம் வெட்டினார், கல்லின் இடுப்பு உட்காரும் படி அது. மெழுகுக் குச்சியில் கல்லை ஒட்டி எடுத்து இறக்கினார். லூப்பில் பார்த்தார். எடுத்தார். ஒரு பல்லில் மட்டும் இன்னும் கொஞ்சம் வெட்டினார். மறுபடி இறக்கினார். இப்படி நான்கு தடவை. கல் சாயாமல் உட்காரும்வரை எதையும் மடக்கவில்லை. விரிசல் இரண்டு பற்களுக்கு நடுவே வருகிறதா, பொறித்த எண் எந்தப் பல்லுக்குள்ளாவது போய்விட்டதா என்று என்னையும் பார்க்கச் சொன்னார். எண் தெரிந்தது.

பிறகு மடக்கினார், எதிரெதிர்ப் பற்களாக, கொஞ்சம் கொஞ்சமாக. ஒரு பக்கத்தை முழுக்க மடக்கிவிட்டால் கல் மறுபக்கம் ஏறிவிடுமாம். மூன்றாவது ஜோடியில் ‘டிக்’ என்று ஒரு சத்தம். எனக்கு உயிரே போனது. அவர் நிமிரக்கூட இல்லை. அது பல் படியில் உட்கார்ந்த சத்தம் என்று பின்னால்தான் சொன்னார்.

முடித்ததும் மோதிரத்தைக் காதருகே பிடித்து விரலால் தட்டினார். கிலுகிலுப்பு இல்லை. பற்களின் மேல் ஒரு பஞ்சை இழுத்தார், ஒரு பல் இழையைப் பிடித்துக்கொண்டது, அதை உருட்டித் தேய்த்தார். இரண்டாவது இழுப்பில் பஞ்சு வழுக்கிக்கொண்டு போனது.

ஏப்ரல் 20

ஆறு வாரம். ஸ்வெட்டர் கழற்றும்போது நூல் மாட்டுகிறது என்றாள் மனைவி. பட்டறைக்குப் போனோம். ஒரு பல் மயிரிழை அளவு தூக்கியிருந்தது. அழுத்தி, தேய்த்து, நீராவியில் கழுவித் தந்தார். பத்து நிமிடம். காசு வாங்கவில்லை.

லூப் கேட்டேன். விரிசலைத் தேடினேன். கிடைக்கவில்லை. அவர் வாங்கி அரைநொடியில் கண்டுபிடித்து, மோதிரத்தை அதே கோணத்தில் என் கையில் வைத்தார். அங்கேதான் இருக்கிறது, அப்படியே.

“போதும், குடுங்க” என்று அவள் கையை நீட்டினாள்.