வெல்டிங் மாஸ்க்ல ஒரு வித்தை, லென்ஸ்ல ஒரு வித்தை

எல்சிடின்னு (திரவப் படிகத்துல பண்ண டிஸ்ப்ளே) சொன்னா டிவி, போன், கால்குலேட்டர் தவிர வேற எதுவும் யாருக்கும் ஞாபகம் வராது. மியான்மர்ல யாங்கூன்ல செல்போன் சர்வீஸ் கடையில உக்காந்து தினமும் டிஸ்ப்ளே கழட்டி மாட்டுற ஆளு நான், ஆனா என்னைக் கேட்டா திரவப் படிகத்தோட அசல் வித்தைய பாக்கணும்னா டிஸ்ப்ளேய ஓரமா வச்சுட்டு தாம்வே ஏரியாவுல எங்க மாமா கிரில் பட்டறைக்குத்தான் போகணும்னு சொல்வேன். அங்க தானா இருட்டாகுற வெல்டிங் மாஸ்க் ஒண்ணு இருக்கு.

அதுக்கு முன்னாடி மாமாவும் ஊர்ல எல்லாரும் மாதிரிதான், ஒரு கையில கறுப்புக் கண்ணாடி வச்ச அட்டை, இன்னொரு கையில ஹோல்டர், பட்டறைப் பசங்க அதுவும் இல்லாம வெறும் கூலிங் கிளாஸ போட்டுக்கிட்டே டேக் (சின்னப் புள்ளி வெல்டு) அடிப்பானுங்க. ராடு நுனியில பத்துற மின்பொறி, அதாவது ஆர்க், அதுல வர்ற அல்ட்ரா வயலட் கருவிழி மேல் படலத்த சுட்டுரும், அந்த நேரத்துல ஒண்ணும் தெரியாது, பல மணி நேரம் கழிச்சு நடு ராத்திரியில மண்ணள்ளிப் போட்ட மாதிரி கண்ணு கரிக்க ஆரம்பிக்கும், அப்புறம் யாரு தூங்குறது.

இந்த மாஸ்க்க போட்டா லேசான பச்சையில முன்னாடி இருக்கிற எல்லாமே தெரியும், ராடு தொட்டு ஆர்க் பத்துன உடனே இருட்டாயிரும், எவ்வளவு நேரம்னா ஒரு செகண்ட பத்தாயிரமா பிரிச்சா அதுல ஒரு பங்கு, நல்ல மாஸ்க்னா இன்னும் கம்மி. மாமா மொத நாளு ஆர்க் அடிச்சுப் பாத்துட்டு கேட்டது, "ஏன் மாப்ள, எனக்கு முன்னாடி இதுக்கு எப்படிடா தெரியுது?" நான் ஓரத்துல இருக்கிற சென்சார காட்டுனேன். அடுத்த கேள்விதான் யாங்கூன்காரன் கேக்குற கேள்வி, "சரி, உள்ள பேட்டரி செத்துப்போச்சுன்னா?" செத்தா கண்ணாடி வெளிச்சமாவே நின்னுரும் மாமா, கண்ணு கூசும், ஆனா அல்ட்ரா வயலட்டையும் இன்ஃப்ரா ரெட்டையும் தடுக்கிறது தனியா ஒரு பில்டர், அதுக்கு கரண்டே வேணாம், தரமான மாஸ்க்ல அது எப்பவும் வேலை செஞ்சுக்கிட்டே இருக்கும்னு சொன்னேன். (வாங்கப் போறவங்களுக்கு ஒண்ணு, சென்சார் ரெண்டுக்கு மேல இருக்கான்னு பாருங்க, குழாய்க்குப் பின்னாடி குனிஞ்சு அடிக்கிறப்ப ஒண்ணு மறைஞ்சாலும் இன்னொண்ணு ஆர்க்க பாத்துரும்.)

இப்ப உள்ள என்ன நடக்குதுன்னா, ரெண்டு கண்ணாடிக்கு நடுவுல சில மைக்ரான் (மில்லிமீட்டர்ல ஆயிரத்துல ஒரு பங்கு) இடைவெளி, அதுல குச்சி மாதிரி நீளமான மூலக்கூறு உள்ள திரவம், அதுதான் திரவப் படிகம். சாதாரண டிஸ்ப்ளேல மேல் கண்ணாடி ஓரமா இருக்கிற குச்சிங்க ஒரு பக்கம் பாத்துப் படுக்கும், கீழ இருக்கிறது அதுக்குக் குறுக்க, நடுவுல இருக்கிறதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமா திரும்பி 90 டிகிரி முறுக்கிக்கிட்டு நிக்கும். ஷாட், ஹெல்ப்ரிச்னு ரெண்டு விஞ்ஞானிங்க 1970 கடைசியில சுவிட்சர்லாந்துல பிடிச்ச முறை இது. போலரைசர் (ஒரே திசையில அதிர்ற ஒளிய மட்டும் விடுற பிலிம்) வழியா வர்ற ஒளி அந்த முறுக்கோடயே திரும்பி அடுத்த போலரைசர தாண்டிப் போயிரும். வோல்டேஜ் குடுத்தா குச்சியெல்லாம் எழுந்து நின்னுரும், முறுக்கு போயிரும், ஒளி மாட்டிக்கும், இருட்டு. கடைக்கு வந்தா காட்டுறேன், பழைய டிஸ்ப்ளேல மேல் போலரைசர் பிலிம உரிச்சுட்டா வெறும் வெள்ளையாத்தான் தெரியும், ஆனா உரிச்ச பிலிம் துண்ட கண்ணுக்கு நேரா பிடிச்சா அதுக்குள்ள மட்டும் படம் வரும், துண்ட கால் சுத்து திருப்புனா வெள்ளை கறுப்பாகி கறுப்பு வெள்ளையாகி நெகடிவ்வா மாறும். படிகம் வெளிச்சம் எதையும் உண்டாக்கல, வர்ற ஒளிய திருப்புறது மட்டும்தான் அதோட வேலை.

எழுந்து நிக்கிறப்ப வோல்டேஜ் தள்ளுது, அதனால வேகம், வோல்டேஜ ஏத்துனா இன்னும் வேகம். திரும்பப் படுக்கிறப்ப தள்ள ஆளில்ல, அதுவா பழைய நிலைக்கு வரணும், அதனால மெதுவு. எவ்வளவு மெதுவுங்கிறது அந்த இடைவெளியோட வர்க்கத்தைப் பொறுத்தது, இடைவெளிய ரெண்டு மடங்காக்குனா நாலு மடங்கு நேரம். மாஸ்க்குக்கு இது தோதாப் போச்சு, ஆபத்து ஆர்க் பத்துற நேரத்துலதான், அங்க வேகமான பக்கம் வேலை செய்யுது, ஆர்க் அணைஞ்சப்புறம் இரும்பு கொஞ்ச நேரம் தகதகன்னுதான் இருக்கும், மெதுவா தெளிஞ்சா நல்லதுதான்.

ஆனா லென்ஸ் பண்ணப் போனா இதே விஷயம் கழுத்தப் பிடிக்கும். ஜப்பான்ல அகிதா பல்கலைக்கழகத்துல சுசுமு சாட்டோ 1979லயே திரவப் படிக லென்ஸ் பண்ணிக் காட்டிட்டார், வோல்டேஜ மாத்துனா போகஸ் மாறும், நகர்ற பாகமே கிடையாது. சிக்கல் என்னன்னா லென்ஸ் பெருசாகணும்னா படிகம் தடிமனாகணும், தடிமனானா மேல சொன்ன கணக்குப்படி ஆமை வேகம்.

இதுக்கு வழி வந்தது எதிர்பாக்காத எடத்துலேர்ந்து. சி.வி. ராமனோட சகோதரி மகன் பஞ்சரத்னம்னு ஒருத்தர், பெங்களூர்ல ராமன் ஆய்வு நிலையத்துல இருந்துக்கிட்டு 1956ல, 22 வயசுல, படிகத்துல ஒளி எப்படி குறுக்கிடுதுன்னு எழுதுறப்ப ஒண்ணு கண்டுபிடிக்கிறார், ஒளியோட போலரைசேஷன, அதாவது அது அதிர்ற விதத்த, ஒரு சுத்து சுத்தி பழைய நிலைக்கே கொண்டு வந்தா, போன தூரத்துக்குச் சம்பந்தமே இல்லாம கூடுதலா ஒரு பேஸ் மாற்றம் (அலையோட ஏத்த இறக்கம் கொஞ்சம் தள்ளிப் போறது) ஒட்டிக்கிட்டு வரும். 1969ல ஆக்ஸ்போர்டுல 35 வயசுலயே இறந்துட்டார். 1984ல மைக்கேல் பெர்ரின்னு ஒரு இங்கிலாந்து இயற்பியல்காரர் தனியா இதே மாதிரி விஷயத்த குவாண்டம் பக்கத்துலேர்ந்து எழுதி, அப்புறம் பஞ்சரத்னம் முன்னாடியே இதத் தொட்டுட்டார்னு அவரே எடுத்துச் சொன்னார். பஞ்சரத்னத்தோட அண்ணன் சந்திரசேகர் (நோபல் வாங்குன வானியல்காரர் இல்ல, அவரும் அதே குடும்பம்தான், என்ன குடும்பமோ) 1977ல குச்சிக்குப் பதிலா தட்டு மாதிரி மூலக்கூறுலயும் திரவப் படிகம் வரும்னு காட்டுனார், டிஸ்ப்ளேய சைடுல இருந்து பாத்தாலும் கலர் மாறாம இருக்க ஒட்டுற பிலிம்ல அந்த வகைதான் போகுது.

பஞ்சரத்னம் வழியில லென்ஸ் பண்ணா தடிமனே தேவையில்ல. ஒண்ணு ரெண்டு மைக்ரான் படலம் போதும், நடுவுலேர்ந்து ஓரத்துக்குப் போகப் போக குச்சி படுத்திருக்கிற திசைய மட்டும் வேகமா வேகமா திருப்பிக்கிட்டே போகணும், திசை மாறுனா எடத்துக்கு எடம் அந்த பேஸும் மாறும், ஒளி வளையும். ஒளியோட அதிர்வு வலப்பக்கமா சுழண்டு வந்தா (வலஞ்சுழி) குவிக்கும், இடப்பக்கமா சுழண்டு வந்தா (இடஞ்சுழி) விரிக்கும், முன்னாடி ஒரு மெல்லிசு படிக ஸ்விட்ச் வச்சு சுழிய மாத்துனா போகஸ் மாறிரும். ஒரு லென்ஸுக்கு ரெண்டு நிலைன்னா ஆறு அடுக்குனா 64, அப்படி ஆறு அடுக்குன விஆர் ஹெட்செட்டோட சோதனை மாதிரிய பேஸ்புக் 2019ல காட்டுச்சு.

விண்வெளிக்கும் போயிருச்சு, 2020ல சூரியன ஆராயக் கிளம்புன சோலார் ஆர்பிட்டர் விண்கலத்துல சூரிய ஒளியோட போலரைசேஷன அளக்க மோட்டார் சுத்துற தகடுக்குப் பதிலா திரவப் படிகத் தகடுதான்.

எனக்கு ஆசை அவ்வளவு தூரம் இல்ல. என் டேபிள் மைக்ரோஸ்கோப்ல ஐசி காலுக்கு போகஸ் வச்சா பக்கத்துல உயரமா நிக்கிற காயில் மங்கிரும், ஒரு கையில சால்டரிங் அயர்ன், ஒரு கையில ட்வீசர், குமிழ் திருப்ப மூணாவது கை எங்க இருக்கு. இந்த லென்ஸ் அடுக்கு ஒண்ணு அதுல வந்து, கால்ல மிதிக்கிற ஒரு பெடல்ல போகஸ் மாறுனா எனக்குப் போதும்.