யாரும் எடுக்காத புத்தகங்களின் அடுக்கு

பள்ளி நூலகத்தில் ஒரு புத்தகத்தின் கதையைத் தெரிந்துகொள்ள அதன் கடைசி அட்டையைத் திறந்தால் போதும். அங்கே ஒட்டியிருக்கும் தேதிச் சீட்டில், திருப்பித் தர வேண்டிய நாள்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக முத்திரை குத்தப்பட்டிருக்கும். சில சீட்டுகளில் இடமே மிச்சம் இருக்காது. ஓரத்தில்கூட முத்திரை ஏறியிருக்கும். சில சீட்டுகள் ஒட்டிய நாளில் இருந்த மாதிரியே வெள்ளையாக இருக்கும். சென்ற பள்ளி ஆண்டின் முதல் வாரத்தில் அலமாரிகளைத் துடைத்துக்கொண்டே ஒவ்வொரு புத்தகமாகத் திறந்து பார்த்தேன். வெள்ளைச் சீட்டுகள் நான் நினைத்ததைவிட அதிகம். அவற்றில் நானே பார்த்துப் பார்த்துப் பரிந்துரைத்து வாங்கியவையும் இருந்தன. அதுதான் வலித்தது.

நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன் 1931-ல் வெளியிட்ட நூலகவியலின் ஐந்து விதிகளில் இரண்டாவது, ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல். மூன்றாவது, ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர். படிக்கிற காலத்தில் இரண்டும் ஒன்றுதானே, எதற்குத் திருப்பிச் சொல்கிறார் என்று தோன்றியிருக்கிறது. வேலைக்கு வந்த பிறகுதான் வித்தியாசம் புரிந்தது. பிள்ளை வந்து கேட்டால் தேடிக் கொடுப்பது ஒரு வேலை. கேட்க ஆளில்லாமல் நிற்கிற புத்தகத்தைக் கையில் எடுத்துக்கொண்டு அதற்கான பிள்ளையைத் தேடிப் போவது வேறு வேலை. முதல் வேலையை ஓரளவு நன்றாகவே செய்துவந்தேன். இரண்டாவதை விழாக்களும் போட்டிகளும் பார்த்துக்கொள்ளும் என்று விட்டிருந்தேன்.

அந்த ஆண்டும் வழக்கம்போலவே தொடங்கியது. செப்டம்பர் 8, உலக எழுத்தறிவு நாள். யுனெஸ்கோ 1966-ல் அறிவித்தது. அதை ஒட்டி ஒரு வாசிப்புப் போட்டி வைத்தேன்: ஒரு மாதத்தில் அதிகப் புத்தகங்கள் படிப்பவருக்குப் பரிசு. சுவரில் பெரிய அட்டை, அதில் பெயர்கள், ஒவ்வொரு புத்தகத்துக்கும் ஒரு நட்சத்திரம். முதல் வாரத்தில் கூட்டம் தாங்கவில்லை. இரவல் பதிவேட்டில் பக்கம் பக்கமாக நிரம்பியது. இரண்டாம் வாரம்தான் கவனித்தேன், அலமாரியில் ஒல்லியான புத்தகங்கள் மட்டும் காணாமல் போயிருந்தன. காலையில் எடுத்த புத்தகம் மதிய இடைவேளையில் திரும்பி வந்தது. என்ன கதை என்று கேட்டால், “படிச்சுட்டேன் மிஸ்” என்பதோடு பதில் முடிந்தது.

ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி மூன்று வாரமாக ஒரே தடிமனான நாவலைப் படித்துக்கொண்டிருந்தாள். அட்டையில் அவள் பெயருக்கு எதிரே ஒரு நட்சத்திரம்கூட இல்லை. ஒருநாள் அட்டையின் முன்னால் நின்று, “மிஸ், தடிப் புத்தகம் படிச்சாலும் ஒண்ணுதான் கணக்கா?” என்று கேட்டாள். குற்றம் சொல்கிற குரல் இல்லை, விதியைத் தெரிந்துகொள்ளக் கேட்டாள். மறுநாள் காலையில் அட்டையைக் கழற்றினேன். நிறுத்திவிட்டால் பிள்ளைகள் ஏமாந்துபோவார்களே என்று பயமாக இருந்தது. இரண்டு பேர் கேட்டார்கள், அவ்வளவுதான். எண்ணிக்கைக்குப் பரிசு கொடுக்கிற போட்டியை இனி எந்த நூலகத்தில் வேலை பார்த்தாலும் வைக்க மாட்டேன்.

அதற்குப் பதிலாகக் கையில் எடுத்தது மிகச் சாதாரணமான ஒன்று. ஒவ்வொரு நூலகப் பாடவேளையிலும் முதல் 10 நிமிடம் நான் வாசித்துக் காட்டுவது. ஆறாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை. ‘வாசித்துக் காட்டுவதெல்லாம் சின்னப் பிள்ளைகளுக்கு’ என்ற எண்ணம் ஆசிரியர்களிடமும் உண்டு, பிள்ளைகளிடமும் உண்டு. முதல் நாள் எட்டாம் வகுப்பில் கடைசி வரிசை முழுவதும் மேஜையில் தலை வைத்துப் படுத்துவிட்டது. படுக்கட்டும் என்று விட்டேன். படுத்தாலும் காது திறந்துதானே இருக்கிறது.

இதற்கும் தயாரிப்பு வேண்டும். வீட்டில் இரண்டு மூன்று முறை உரக்கப் படித்துப் பார்ப்பேன். நீளமான வாக்கியத்தில் எங்கே மூச்சு விடுவது, எந்த இடத்தில் வேகத்தைக் குறைப்பது என்று பார்த்துக்கொள்வேன். பாத்திரத்துக்கு ஒரு குரல் என்று நடிப்பதில்லை. நடிக்கும்போது பிள்ளைகள் கதையை விட்டுவிட்டு என்னைப் பார்க்கத் தொடங்குகிறார்கள். எல்லாவற்றையும்விட முக்கியம், எந்த இடத்தில் நிறுத்துவது என்பது. கதவு தட்டப்படும், யார் என்று தெரிவதற்கு முன்னால் புத்தகத்தை மூடிவிடுவேன். மூன்றாவது வாரம் அதே கடைசி வரிசையிலிருந்து ஒருவன் தலையைத் தூக்காமலே கேட்டான்: “மிஸ், போன வாரம் அந்தப் பொண்ணு கிணத்துப் பக்கம் போனாளே, அதுக்கப்புறம்?” அன்றைக்கு அந்தப் புத்தகத்தை இரவல் கேட்டு நான்கு பேர் நின்றார்கள். இருந்தது ஒரே பிரதி. மேஜை ஓரத்தில் காத்திருப்போர் பட்டியல் ஒன்றை ஒட்டினேன். எங்கள் நூலகத்தில் அதற்கு முன் அப்படி ஒரு பட்டியலுக்குத் தேவையே வந்ததில்லை.

அக்டோபர், பன்னாட்டுப் பள்ளி நூலக மாதம். 1999-ல் ஒரு நாளாகத் தொடங்கி 2008 முதல் மாதம் முழுவதும் கொண்டாடப்படுகிறது. வெவ்வேறு நாட்டுப் பள்ளிகளின் பிள்ளைகள் தாங்கள் செய்த பக்க அடையாள அட்டைகளை ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொள்ளும் திட்டம் இதில் ஒன்று. நாங்கள் அதைப் பள்ளிக்குள்ளேயே வகுப்புக்கு வகுப்பு மாற்றிக்கொள்வதாகச் செய்தோம். அழகாக இருந்தது, படங்கள் எடுத்தோம், முடிந்தது. சொல்ல அதிகமில்லை.

அந்த மாதத்தில் நடந்த இன்னொன்றைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டும். வெள்ளைச் சீட்டுப் புத்தகங்களிலிருந்து 20 எடுத்து, வாசலுக்கு அருகே பிள்ளைகளின் கண் உயரத்தில் ஓர் அடுக்கில் வைத்தேன். முதுகு காட்டி நிற்காமல், முகப்பு அட்டை தெரியும்படி. மேலே ஒரு தாளில், ‘இவற்றை இதுவரை யாரும் எடுத்ததில்லை. ஏன்?’ என்று எழுதி ஒட்டினேன். எட்டாம் வகுப்பிலிருந்து தொடங்கினோம். ஆளுக்கு ஒரு புத்தகம். 20 பக்கமாவது படிக்க வேண்டும், பிறகு ஒரு நிமிடம் அந்தப் புத்தகத்துக்காக வாதாட வேண்டும், வழக்கறிஞரைப் போல. பிடிக்கவில்லை என்றால் எதிராகவும் வாதாடலாம். அப்படிச் சொன்னதும் வகுப்பில் ஒரு சலசலப்பு. பிடிக்கவில்லை என்று சொல்ல அனுமதி உண்டு என்பதை அவர்கள் நம்பவில்லை.

பிள்ளைகள் கண்டுபிடித்த காரணங்கள் எனக்குப் பாடமாக இருந்தன. ஒரு புத்தகத்தின் முதுகில் தலைப்பு வெளுத்துப்போய் எழுத்தே தெரியவில்லை. மூன்று புத்தகங்கள் மேல்தட்டில் இருந்தன. ஆறாம் வகுப்புப் பிள்ளைக்குக் கை எட்டாது. ஒன்றில் எழுத்து அவ்வளவு பொடி. பூச்சிகளைப் பற்றிய அருமையான புத்தகம் ஒன்று கவிதை மாதிரியான தலைப்பால், பொருள்வாரியாக எண் கொடுக்கும் டியூயி பகுப்பு முறையில் இலக்கியத்துக்குரிய 800 வரிசையில் போய் நின்றிருந்தது. அறிவியலுக்குரிய 500 வரிசையில் இருந்திருந்தால் யாராவது தொட்டிருப்பார்கள். டைனோசர் புத்தகங்கள் இருக்கும் 567.9 பக்கம்தான் எப்போதும் கூட்டம். அங்கே வருகிற கண் அடுத்த தட்டுக்கும் போகும். அந்தப் பகுப்பு எண்ணைப் போட்டவள் நான்தான். அன்றைக்கே மாற்றினேன்.

சூரியக் குடும்பத்தைப் பற்றிய பழைய புத்தகம் ஒன்றில் கோள்கள் ஒன்பது என்று இருந்தது. பன்னாட்டு வானியல் ஒன்றியம் 2006 ஆகஸ்டில் புளூட்டோவைக் குறுங்கோள் என்று வகைப்படுத்திய பிறகு எட்டுதானே. தகவல் காலாவதியான புத்தகத்தை நீக்கிவிடுவதே முறை. நானும் அதைக் கழிவுப் பட்டியலில் எழுதப் போனேன். அந்தப் புத்தகத்துக்கு வாதாடிய மாணவன் ஒத்துக்கொள்ளவில்லை. “தப்புன்னு தெரிஞ்சு படிச்சா தப்பில்ல மிஸ். எப்ப மாறிச்சு, ஏன் மாறிச்சுன்னு நான் எழுதி ஒட்டுறேன்” என்றான். கலைக்களஞ்சியத்தைத் தேடிப் படித்து, அரைப் பக்கத்தில் எழுதி, புளூட்டோ வருகிற பக்கத்தில் ஒட்டினான். நேர்த்தியான எழுத்து, கீழே தேதி. அதற்குப் பிறகு அந்தப் புத்தகம் அடுக்கில் நின்ற நாள்கள் குறைவு. எடுத்தவர்கள் எல்லாரும் முதலில் அந்தத் தாளைத்தான் பார்த்தார்கள்.

அந்த ஆண்டு கேட்ட விமர்சனங்களில் எனக்கு மிகப் பிடித்ததைச் சொன்னது அந்தத் தடிப் புத்தக மாணவிதான். ஏழாம் வகுப்பின் முறை வந்தபோது ஒரு நாவலைக் கையில் வைத்துக்கொண்டு, “முதல் மூணு அத்தியாயம் ரொம்ப மெதுவா போகுது. நாலாவதிலிருந்து படிங்க. அப்புறம் நீங்களே திரும்ப வந்து முதல்லேர்ந்து படிப்பீங்க” என்றாள். நான் சரிபார்த்தேன். அவள் சொன்னது சரி.

இணை வாசிப்பு நவம்பரில் தொடங்கியது. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் வாரம் ஒருநாள் ஒன்றாம் வகுப்புக்குப் போய், ஆளுக்கு ஒரு சின்னப் பிள்ளைக்குப் படப் புத்தகம் வாசித்துக் காட்ட வேண்டும். சின்னவர்களுக்காக என்றுதான் எல்லாரிடமும் சொன்னேன். என் மனதில் இருந்தவர்கள் பெரியவர்கள். ஒன்பதாம் வகுப்பு வந்தும் எழுத்துக் கூட்டித்தான் படிக்க முடிகிற பிள்ளைகள் ஒவ்வொரு பள்ளியிலும் சிலர் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஏற்றது பெரிய எழுத்துள்ள, குறைந்த வரிகள் கொண்ட புத்தகம். ஆனால் நண்பர்கள் பார்க்க அதை எடுக்க அவர்களால் முடியாது. அந்த வயதில் அது பெரிய அவமானம். சின்னப் பிள்ளைக்கு வாசிக்க வேண்டும், அதற்குப் பயிற்சி வேண்டும் என்றால் எடுக்கலாம், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள்.

ஒரு மாணவன் இருந்தான். நூலகத்துக்கு வந்தால் ஜன்னல் ஓரத்தில் உலக வரைபடப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உட்காருவான், பக்கம் திரும்பாது. இணை வாசிப்பு என்றதும், எல்லாரும் எடுத்து முடிக்கும் வரை காத்திருந்து, கடைசியில் ஒரு யானைக் கதையை எடுத்தான். பக்கத்துக்கு இரண்டு வரி. முத்திரை குத்தும்போது, “வீட்ல ஒரு தடவை படிச்சுப் பார்க்கணும் மிஸ்” என்று தாழ்ந்த குரலில் சொன்னான். ஒரு வாரம் கழித்துத் திரும்பி வந்த புத்தகத்தைப் புரட்டினேன். ஒவ்வொரு வரியிலும் பென்சிலால் மிக மெல்லிய புள்ளிகள். எங்கே நிறுத்த வேண்டும் என்று குறித்து வைத்திருக்கிறான், நான் வாசிப்பதற்கு முன்னால் குறித்துக்கொள்வது போலவே. புத்தகத்தில் எழுதக் கூடாது என்பது எங்கள் முதல் விதி. அழிப்பான் மேஜையிலேயே இருந்தது. நான் அழிக்கவில்லை.

ஒன்றாம் வகுப்பு வாசலில் நின்று ஒருமுறை பார்த்தேன். அவன் மடியருகே ஒரு சின்னப் பெண். அவன் ஒரு சொல்லில் தடுக்கி நின்றபோது அவள் அவசரப்படுத்தவில்லை, படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் அந்தச் சொல்லைச் சொல்லி முடித்ததும் பக்கத்தைத் திருப்பினாள். ஆண்டு முடிவதற்குள் அவன் 14 படப் புத்தகங்கள் எடுத்திருந்தான். பதிவேட்டில் எண்ணிப் பார்த்தேன். அவனிடம் சொல்லவில்லை.

பிப்ரவரி 21, உலகத் தாய்மொழி நாளுக்கு, வீட்டுப் பெரியவர்களிடம் கேட்ட கதைகளைப் பிள்ளைகள் எழுதி வந்தார்கள். நூல் கோத்துத் தைத்து, தடித்த அட்டை போட்டு ஒரு தொகுப்பாக்கினோம். அதற்கு முறைப்படி சேர்க்கை எண் கொடுத்து, நாட்டார் கதைகளுக்குரிய 398-ல் வைத்தேன். பதிவேட்டில் ஆசிரியர் என்ற இடத்தில் ‘ஆறாம் வகுப்பு மாணவர்கள்’ என்று எழுதியதை அவர்கள் வரிசையாக வந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.

ஏப்ரல் 23, உலகப் புத்தக நாள். மேடை, பேச்சு எதுவும் வேண்டாம் என்று ஒரு கேள்வி மட்டும் கொடுத்தேன். இங்கிலாந்தின் ஷேக்ஸ்பியர், ஸ்பெயின் எழுத்தாளர் செர்வாண்டிஸ் இருவருக்கும் 1616 ஏப்ரல் 23 நினைவுநாளாகச் சொல்லப்படுகிறது. இருவரும் ஒரே நாளில் இறந்தவர்களா? பதில் நூலகத்துக்குள்ளேயே இருக்கிறது, இணையம் கிடையாது. இரண்டு நாள் அலமாரிகள் கலகலத்தன. நாள்காட்டிகளின் வரலாற்றில் போய்ப் பிடித்தார்கள்: ஸ்பெயின் 1582-லேயே கிரிகோரியன் நாள்காட்டிக்கு மாறிவிட்டது, இங்கிலாந்து 1752 வரை பழைய ஜூலியனில் இருந்தது. தேதி ஒன்றாக இருந்தாலும் இடையில் 10 நாள். கண்டுபிடித்த மூன்று பேர் ஓடி வந்த வேகத்தில் நாற்காலி ஒன்று சாய்ந்தது.

ஆண்டு இறுதியில் இருப்புச் சரிபார்ப்பு. பதிவேட்டையும் அலமாரியையும் வைத்து ஒவ்வொரு எண்ணாக டிக் போட்டுக்கொண்டு போனேன். வாசலருகே வைத்த 20 புத்தகங்களில் 7 சீட்டுகள் இன்னும் வெள்ளை. அவற்றில் நான்கை நானே முழுக்கப் படித்துப் பார்த்தேன். இரண்டு உண்மையிலேயே நல்ல புத்தகம் இல்லை. வாங்கியது என் தவறு, நீக்கப் பரிந்துரை எழுதிவிட்டேன். மற்ற இரண்டும் நல்லவை. ஆள்தான் இன்னும் வரவில்லை. மீதி மூன்றை விடுமுறைக்கு வீட்டுக்கு எடுத்துப் போகிறேன், என் பெயரிலேயே முத்திரை குத்தி.

யானைக் கதையின் முதுகு விட்டுப்போயிருக்கிறது. பசை தடவி, துணிப்பட்டி ஒட்டி, மேலே கனமான அகராதி இரண்டை வைத்திருக்கிறேன். நாளைக்குக் காய்ந்துவிடும்.