பர்மா தேக்குக் கட்டிலுக்குப் புதுப் பலகை

கட்டில் பலகை முறிந்தால் எங்கள் ஊர்ப் பக்கம் உடனே இரண்டு யோசனை சொல்வார்கள். ஒன்று, மேலே ஒரு பிளைவுட் ஷீட்டைப் போட்டு மூடிவிடு. இன்னொன்று, காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் பழைய சாமான் கடைக்காரர் யாரிடமாவது கேட்டு, வந்த விலைக்குத் தள்ளிவிடு. இரண்டும் வேண்டாம் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் வீட்டில் இருப்பது அப்பத்தாவுக்குச் சீரில் வந்த இரட்டைக் கட்டில். 1942-ல் ஜப்பான்காரன் பர்மாவைப் பிடிப்பதற்கு முந்தைய காலத்துத் தேக்கு. காலும், பக்கச் சட்டமும், தலைமாட்டுக் கடைசல் வேலையும் இன்றைக்கும் துளி ஆட்டம் இல்லை. முறிந்தவை குறுக்குப் பலகைகள்தான்.

பலகை உடைந்தால் முதலில் முறிந்த வாயைப் பாருங்கள். நீள நீளமாகச் சிலும்பு கிளம்பியிருந்தால் மரம் நல்ல மரம், பாரம்தான் அதிகம். பிஸ்கட்டை ஒடித்தாற்போல மொட்டையாக முறிந்திருந்தால் மரத்தில் உயிர் இல்லை. எங்கள் கட்டிலில் முறிந்த இரண்டு பலகையும் மொட்டை முறிவு. ஊசி குத்தினாற்போலப் பொடித் துளைகள். தட்டினால் மஞ்சள் மாவு கொட்டியது. எப்போதோ யாரோ மாமரத்தில் மாற்றி வைத்தவை. மாமரத்தை உளு, அதாவது மரத்தைத் துளைத்து மாவாக்கும் பூச்சி, சீக்கிரம் பிடிக்கும். பக்கத்திலிருந்த தேக்குப் பலகைகளில் ஒரு துளைகூட இல்லை.

வீட்டுக்கு வந்த ஆசாரி மெத்தையைத் தூக்கச் சொல்லிவிட்டு, டார்ச் அடித்துப் பார்த்தார். "ஆச்சி, பலகையை மட்டும் குத்தம் சொல்லாதீங்க. அது உக்கார்ற ரீப்பர் கட்டையைப் பாருங்க, திருகாணியெல்லாம் தொளதொளங்குது."

"அப்ப ரீப்பரையும் மாத்திருவமாண்ணே?"

"எதுக்கு? ஓட்டையில தேக்குக் குச்சி அடிச்சு, காஞ்சதும் புதுசா துளை போட்டு முடுக்கினாப் போதும். நடுவுலதான் ஒரு தாங்கல் வேணும்."

அந்தத் தாங்கல்தான் விஷயமே. ஐந்தடி அகலக் கட்டிலில் பலகை இந்தச் சட்டத்திலிருந்து அந்தச் சட்டம் வரை அந்தரத்தில் நிற்கிறது. நடுவில் ஒரு உத்தரம் கொடுத்தால் தாவும் தூரம் பாதியாகும். அதே பாரத்துக்கு வளைவு எட்டில் ஒரு பங்குதான் இருக்கும். கனத்துக்கும் இதே கணக்கு. பலகையின் அகலத்தை இரட்டிப்பாக்கினால் விறைப்பு இரண்டு மடங்கு. கனத்தை இரட்டிப்பாக்கினால் எட்டு மடங்கு. கடையில் முக்கால் இஞ்சுப் பலகையை நீட்டினால், ஒரு இஞ்ச் கேட்டு வாங்குங்கள்.

மரம் புதிதாக வாங்கவில்லை. இடித்த வீட்டிலிருந்து வந்த பழைய தேக்குக் கைமரங்களை, அதாவது கூரை தாங்கிய சட்டங்களை, அறுத்துக்கொண்டோம். பல வருஷம் காய்ந்த மரம் இனி அவ்வளவு சுலபத்தில் கோணாது. ஆனால் அறுவை மில்லுக்குக் கொண்டுபோகும் முன் காந்தத்தை வைத்து நெடுக இழுத்துப் பார்க்க வேண்டும். உள்ளே ஒரு துண்டு ஆணி இருந்தாலும் ரம்பத்தின் பல் போய்விடும், மில்காரர் கோபிப்பது நியாயம். அறுத்து வந்ததில் ஓரத்தில் வெளுத்துத் தெரிந்த வெள்ளைப் பகுதியை ஆசாரி ஈவிரக்கமில்லாமல் கழித்துவிட்டார். கரையானுக்குத் தாக்குப்பிடிப்பது வைரம், அதாவது மரத்தின் நடுவிலுள்ள கெட்டிப் பகுதி, மட்டும்தான். தேக்கே ஆனாலும் வெள்ளை வெள்ளைதான்.

உள் நீளம் ஆறேகால் அடி. மூன்று இஞ்ச் அகலத்தில் 14 பலகை. இடைவெளி இரண்டரை இஞ்சு சுமாருக்கு வரும். அதற்கு மேல் விட்டால் மெத்தை சந்தில் இறங்கும். பிளைவுட் போட்டு மூடினால் காற்றே போகாது. ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் இலவம்பஞ்சு மெத்தை அடியில் பூசணம் பிடித்து நாறும். சந்து இருப்பதே மெத்தை மூச்சு விடத்தான்.

திருகாணி போடும் முன் துளை போடாவிட்டால் பலகை முனை பிளக்கும். எல்லாப் பலகையையும் பக்கச் சட்டத்தோடு முடுக்கிவிடுவது நல்லது. ஆள் உட்காரும்போது சட்டம் வெளிப்பக்கம் விரியும். சும்மா வைத்த பலகை அப்போதுதான் நழுவிக் கீழே விழுகிறது.

நடு உத்தரம் மூன்று இஞ்சுக்கு இரண்டு இஞ்ச், மூன்று இஞ்சுப் பக்கம் நிமிர்ந்து நிற்க வேண்டும். அதன் காலடியில் ரப்பர் வாசர் ஒட்டச் சொன்னேன். தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல்லில் கீறல் விழுந்தால் அதை யார் சரி செய்வது?

நீளவாக்கில் லேசாகக் கீறல் கண்ட ஒரு பழைய தேக்குப் பலகையை மட்டும் தூக்கிப் போட மனம் வரவில்லை. கீறலுக்குள் ஃபெவிகால் விட்டு, கிளாம்ப் போட்டு ஒரு ராத்திரி இறுக்கி வைத்து, அடியில் ஒரு ரீப்பர் கொடுத்ததும் சரியாகிவிட்டது. குறுக்கே முறிந்ததற்கு இந்த வைத்தியம் பலிக்காது. மாமரப் பலகை இரண்டையும் அன்றே வெந்நீர் அடுப்பில் வைத்துவிட்டேன்; உளு விழுந்த கட்டையை வீட்டுக்குள் வைத்திருக்கக் கூடாது.