நாங்கள் என்று சொல்லி ஒளிந்துகொண்டது

மார்ச் 5, 2025, சாம்பல் புதன்

இன்றைக்கு ஆராதனையில் 51 ஆம் சங்கீதம். சின்ன வயதிலிருந்து வாயில் ஓடுகிற சங்கீதம்தான், ஆனால் மூன்றாம் வசனத்தில் நின்றுவிட்டேன். "என் பாவம் எப்பொழுதும் எனக்கு முன்பாக நிற்கிறது." எனக்கு முன்பாக எது நிற்கிறது என்று தேடிப் பார்த்தால் ஒன்றும் தென்படவில்லை. நான் பாவி என்று பொதுவாக ஒத்துக்கொள்வதில் எனக்கு எந்தக் கஷ்டமும் இல்லை. இன்ன நாளில், இன்னாருக்கு, இன்னதைச் செய்தேன் என்று சொல்லச் சொன்னால்தான் வாய் அடைத்துப்போகிறது. தாவீதுக்கும் அது தானாக வரவில்லை. பத்சேபாள் என்ற அடுத்தவன் மனைவியை அவன் எடுத்துக்கொண்டதற்காக, நாத்தான் தீர்க்கதரிசி வந்து "நீயே அந்த மனுஷன்" என்று சொன்ன பிறகுதான் வந்தது. சங்கீதத்தின் தலைப்பிலேயே நாத்தானின் பெயரும் பத்சேபாளின் பெயரும் இருக்கின்றன. எத்தனையோ தலைமுறை பாடிய பாட்டு, அது எந்தக் குற்றத்திலிருந்து வந்தது என்பதை யாரும் அழித்துவிடவில்லை.

ஈஸ்டருக்கு முந்தின இந்த லெந்து நோன்புக் காலம் முடிகிறவரை முடிந்தபோதெல்லாம் எழுதப்போகிறேன்.

மார்ச் 9, ஞாயிறு

பொதுப் பாவ அறிக்கை. எல்லாரும் சேர்ந்து ஒரே குரலில் சொல்கிறோம். இங்கிலாந்துத் திருச்சபையின் ஜெபப்புத்தகத்தில் காலை ஜெபத்தின் தொடக்கத்தில் இப்படி ஒரு அறிக்கையை 1552 இல் சேர்த்தார்கள். துதிக்கிறதற்கு முன்னால் குற்றத்தை ஒத்துக்கொள்ள வேண்டும், அதையும் எல்லாரோடும் சேர்ந்து ஒத்துக்கொள்ள வேண்டும் என்ற எண்ணம் எனக்குப் பிடிக்கும்.

ஆனால் இன்று ஒன்றைக் கவனித்தேன். ஜெபத்தை நடத்தினவர் "நம்முடைய பாவங்களை மன்னியும் ஆண்டவரே" என்றார். தமிழில் இது பெரிய வித்தியாசம். "எங்கள்" என்றால் கேட்கிறவர் அதில் சேரமாட்டார், "நம்முடைய" என்றால் கேட்கிறவரும் சேர்ந்துவிடுவார். ஆண்டவரிடம் பேசும்போது "நம்முடைய பாவம்" என்று சொல்லவே முடியாது. வேதத்தில் கர்த்தருடைய ஜெபம் தெளிவாக "எங்கள் கடன்களை எங்களுக்கு மன்னியும்" என்றுதான் இருக்கிறது. அவரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை, நானும் அப்படித்தான் ஜெபிக்கிறேன். "நம்முடைய" என்று வருகிற நேரத்தில் கண் மூடியிருந்தாலும் நான் பேசுவது பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்களிடம்தான். அவர்கள் கேட்கவேண்டும் என்றுதான் குரலே உயர்கிறது.

மார்ச் 14, வெள்ளி

இதை எழுதாமல் இருந்துவிடலாமா என்று ரொம்ப நேரம் யோசித்தேன்.

இன்று ஜெபக்கூட்டத்தில் ஜெபக்குறிப்புகள் சொல்லும் நேரத்தில் ஒருவர் வேறொரு குடும்பத்தின் கஷ்டத்தை, பெயர் சொல்லாமல், ஆனால் யார் என்று எல்லாருக்கும் புரிகிறமாதிரி விவரமாகச் சொன்னார். கேட்டுக்கொண்டிருந்தபோதே எனக்கு உடம்பு சில்லிட்டுப்போனது. போன வருடம் நான் செய்ததும் இதேதான்.

ஒரு தங்கை (சபையில் அப்படித்தான் கூப்பிடுவேன்) தன் வீட்டில் நடப்பதை என்னிடம் மட்டும் அழுதுகொண்டே சொல்லியிருந்தாள். அந்த வாரமே நான் கூட்டத்தில், "ஒரு குடும்பத்துக்காக ஜெபித்துக்கொள்ளுங்கள், பிள்ளைகள் சின்னது, கணவர் இப்படி நடந்துகொள்கிறார்" என்று ஆரம்பித்து, தேவைக்கு மேலேயே சொன்னேன். சொல்லும்போது எனக்குள் ஒரு சின்ன திருப்தி இருந்தது, மற்றவர்களுக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரிகிறது என்கிற திருப்தி. அதை அவளுக்காக ஜெபிக்கத் தூண்டுகிற மனப்பாரம் என்று நினைத்துக்கொண்டேன். இரண்டு வாரத்தில் அவள் வருவதை நிறுத்திவிட்டாள். அப்புறம் நான் என்ன செய்தேன் என்றால், "பின்வாங்கிப்போனவர்களைத் திரும்பக் கொண்டுவாரும் ஆண்டவரே" என்று அவளுக்காகவே பல வாரம் ஜெபித்தேன். அவளை வெளியே தள்ளினது நான்.

மார்ச் 16, ஞாயிறு

லூக்கா 18. நியாயப்பிரமாணத்தைக் கண்டிப்பாகக் கைக்கொள்கிற பரிசேயனும், வரி வசூலிக்கிறவன் என்று ஜனங்கள் வெறுத்த ஆயக்காரனும் ஜெபம்பண்ணப் போனது. இத்தனை நாளும் பரிசேயனின் குற்றம் பெருமை பேசியது என்று மட்டும் வாசித்திருக்கிறேன். இன்றைக்குக் கண்ணில் பட்டது வேறு. அவன் தன் ஜெபத்துக்குள் இன்னொரு ஆளை இழுத்துவிட்டான். "இந்த ஆயக்காரனைப்போலவும்" என்கிறான், அந்த "இந்த" என்ற சொல்லில் விரல் நீட்டுவது அப்படியே தெரிகிறது. நான் அந்தத் தங்கையைக் கூட்டத்தில் இழுத்துவிட்டதும் ஜெபத்துக்குள்தான்.

ஆயக்காரன் யாரையும் சொல்லவில்லை. தூரத்தில் நின்று, "தேவனே! பாவியாகிய என்மேல் கிருபையாயிரும்" என்று மட்டும் சொன்னான். கிரேக்க மூலத்தில் அந்தப் "பாவி" என்ற சொல்லுக்கு முன்னால் சுட்டிடைச்சொல் இருக்கிறது, ஏதோ ஒரு பாவி என்று இல்லாமல், அந்தப் பாவி நான்தான் என்பதுபோல. அவன் கண்ணுக்கு அந்த ஆலயத்தில் வேறு பாவி யாரும் தெரியவில்லை.

மார்ச் 21, வெள்ளி

கூட்டத்துக்குப் போகவில்லை. வீட்டில் தானியேல் 9 வாசித்தேன்.

"நாங்கள்" என்ற சொல்லையே இனி விட்டுவிடவேண்டும் என்ற எண்ணத்தில்தான் உட்கார்ந்தேன், ஒளிந்துகொள்ள வசதியான சொல் என்று கோபம். ஆனால் தானியேல் வேறு மாதிரி இருக்கிறான். ஆறாம் அதிகாரத்தில் எதிரிகள் துருவித் தேடியும் அவனிடம் ஒரு குற்றமும் கிடைக்கவில்லை. அப்படிப்பட்டவன் உபவாசமிருந்து, இரட்டுடுத்தி, சாம்பலில் உட்கார்ந்து, "நாங்கள் பாவஞ்செய்தோம்" என்கிறான், பழியை "அவர்கள்" மேல் போட்டுவிட்டு ஒதுங்கவில்லை. முன்னோர்கள் செய்ததையும் ராஜாக்கள் செய்ததையும் தன்னுடையதாக எடுத்துக்கொள்கிறான். இருபதாம் வசனத்தில் "என் பாவத்தையும் என் ஜனமாகிய இஸ்ரவேலின் பாவத்தையும்" என்று இரண்டையும் அடுத்தடுத்து வைக்கிறான், அதில் "என் பாவம்" முதலில் வருகிறது. நெகேமியாவும் அதே மாதிரிதான், "நானும் என் தகப்பன் வீட்டாரும்" என்கிறான்.

நான் என் பங்கைச் சொல்லாமலேயே "நாங்கள்" சொல்லிக்கொண்டிருந்தேன். தானியேல் அந்தச் சொல்லுக்குள் இறங்குகிறான், நான் அதன் பின்னால் நின்றேன்.

மார்ச் 27, வியாழன்

மனந்திரும்புதல். புதிய ஏற்பாட்டின் கிரேக்கச் சொல்லில் மனம் மாறுவது இருக்கிறது, பழைய ஏற்பாட்டின் எபிரெயச் சொல்லில் திரும்பி வருவது இருக்கிறது. தமிழில் இரண்டும் ஒரே சொல்லுக்குள் வந்துவிட்டது. எனக்கு மனம் மாறியிருக்கிறது, திரும்பிப் போகத்தான் இல்லை. ஆண்டவரிடம் போதுமான அளவு அழுதுவிட்டேன், அவளிடம் ஒரு வார்த்தையும் பேசவில்லை. காணிக்கையைப் பலிபீடத்துக்கு முன்னால் வைத்துவிட்டு, போய் முதலில் உன் சகோதரனோடு ஒப்புரவாகு என்று மத்தேயு 5 இல் இருப்பது, ஜெபத்தையே பாதியில் நிறுத்திவிட்டுப் போ என்று சொல்வதுதானே.

மெசேஜ் எழுதிப் பார்த்தேன். முதலில் எழுதியது, "உன் மனம் புண்பட்டிருந்தால்". அழித்தேன். என்ன "இருந்தால்"? புண்பட்டது. அடுத்தது, "உனக்காக ஜெபிக்கவேண்டும் என்ற எண்ணத்தில்தான்". அதையும் அழித்தேன். கடைசியில், நேரில் வரலாமா என்று மட்டும் கேட்டு அனுப்பினேன்.

மார்ச் 29, சனி

போனேன். கீழ்த்திசைத் திருச்சபைகளில் பெரிய நோன்பு தொடங்கும்முன் மன்னிப்பு ஞாயிறு என்று ஒன்று உண்டு, ஒவ்வொருவரும் மற்றவர் முன்னால் தலைவணங்கி, என்னை மன்னியும் என்று கேட்பார்கள். அந்த ஒழுங்கு இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டே போனேன், ஏனென்றால் எல்லாரும் கேட்கிற நாளில் கேட்பது கொஞ்சம் எளிது.

"நீ என்னை நம்பிச் சொன்னதை நான் கூட்டத்தில் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது. என்னை மன்னித்துவிடு" என்றேன்.

அவள் ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம், "அக்கா, அன்னைக்கு ராத்திரியே மூணு பேர் போன் பண்ணி, உனக்காக ஜெபிக்கிறோம்னு சொன்னாங்க. அதுல ஒரு போனை அவர் எடுத்தார்" என்றாள்.

இது எனக்குத் தெரியாது. அதற்குப் பிறகு அந்த வீட்டில் என்ன நடந்திருக்கும் என்று கேட்க எனக்கு உரிமை இல்லை, கேட்கவில்லை.

கிளம்பும்போது, "மன்னிச்சிட்டேன் அக்கா. ஆனா இனிமே உங்ககிட்ட எதையும் சொல்ல மாட்டேன்" என்றாள். சரி என்றேன். வேறு எதுவும் சொல்லத் தோன்றவில்லை.

ஏப்ரல் 4, வெள்ளி

கூட்டத்திலும் அறிக்கைசெய்ய வேண்டும், ஏனென்றால் அங்கேதான் சொன்னேன். ஆனால் விவரம் சொன்னால் அவளை மறுபடியும் அங்கே நிறுத்துகிறமாதிரி ஆகிவிடும். என் மனசாட்சி லேசாவதற்காக அவள் இன்னொரு தடவை விலை கொடுக்கக் கூடாது. அதனால் முன்னாலேயே எழுதி வைத்துக்கொண்டு அவ்வளவுதான் சொன்னேன்: "ஜெபக்குறிப்பு என்ற பெயரில் என்னுடையதல்லாத ஒன்றை நான் இங்கே சொல்லியிருக்கிறேன். அது பாவம். ஆண்டவரிடமும் உங்களிடமும் மன்னிப்புக் கேட்கிறேன்."

யாரும் ஒன்றும் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் ஒரே அமைதி. பிறகு வயதான அம்மா ஒருவர், நானும் அன்றைக்கு போன் பண்ணினேன் என்று மெதுவாகச் சொல்லிவிட்டு அழ ஆரம்பித்தார். இன்னொருவர் தலையைக் குனிந்துகொண்டார். அதற்குப் பிறகு "நாங்கள் பாவஞ்செய்தோம்" என்று ஒருவர் ஜெபத்தைத் தொடங்கினபோது, குரல் ஒருவருக்கும் உயரவில்லை.

ஏப்ரல் 11, வெள்ளி

இன்று ஜெபக்குறிப்பு நேரத்தில் பலரும் தங்களுக்காக மட்டும் கேட்டார்கள். சிலர் எதுவும் சொல்லாமல் முழங்காலில் இருந்தார்கள்.

அவள் வரவில்லை. பின்வாங்கிப்போனவர்கள் என்ற சொல்லை நான் எடுக்கவில்லை. அவள் பெயரை என் மனதுக்குள் மட்டும் சொன்னேன்.